சுமந்து வந்த நால்வர்

(பிப்ரவரி 11, லூர்து அன்னை விழாவையும் உலக நோயாளர் நாளையும் ஒட்டி வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. நற்செய்தி: மாற்கு 2:1-12)



கப்பர்நாகும் ஊரில் ஒரு வீடு. வாசலுக்கு வெளியேயும் கூட்டம். முடக்குவாதமுற்ற ஒருவரை நான்கு பேர் சுமந்துகொண்டு வருகிறார்கள். உள்ளே போக வழியில்லை. கூரைமேல் ஏறி, அதைப் பிரித்து, இயேசு இருந்த இடத்துக்கு நேராக அவரைப் படுக்கையோடு இறக்குகிறார்கள். மறைக்கல்வி வகுப்பில் நம்மில் பலர் படம் வரைந்து பழகிய நிகழ்ச்சி இது. பிரித்த கூரையை யார் திரும்ப வேய்ந்து கொடுத்தார்கள் என்பதை மட்டும் நற்செய்தியாளர் எழுதாமல் விட்டுவிட்டார்.

நாங்கள் சில அருள்சகோதரிகளும் பொதுநிலையினரும் சேர்ந்து, வாரந்தோறும் மருத்துவமனைப் பொது வார்டுகளுக்குப் போய்வருகிறோம். கட்டில் கட்டிலாக நின்று பேசி, விரும்புகிறவர்களோடு செபித்துவிட்டு வருவது எங்கள் பணி. அப்படிப் போய்வரத் தொடங்கிய பிறகுதான் இந்த வாசகத்தில் ஒன்று எங்கள் கண்ணில் பட்டது. மாற்கு எழுதியிருக்கும் இந்த நிகழ்ச்சி முழுவதிலும் நோயாளி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பர்த்திமேயு வழியோரத்தில் உட்கார்ந்து கத்தினார். பத்துத் தொழுநோயாளர்கள் தூரத்தில் நின்று கூப்பிட்டார்கள். இரத்தப்போக்கினால் வருந்திய பெண் கூட்டத்துக்குள் நுழைந்து ஆண்டவருடைய ஆடையைத் தொட்டார். இவரோ எதுவும் கேட்காமல் கிடக்கிறார். இயேசு கண்டதும் 'அவர்களுடைய' நம்பிக்கையை என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது.

மருத்துவ வார்டில் நாங்கள் பார்க்கிறவர்களில் பலர் மூளையும் நரம்பும் சம்பந்தப்பட்ட நோயால் சேர்க்கப்பட்டவர்கள். வாய் கோணி, ஒரு பக்கம் கை கால் விழுந்து வந்தவர்கள், வலிப்பு வந்து கொண்டுவரப்பட்டவர்கள், மூளைக் காய்ச்சலில் கழுத்து விறைத்துக் கிடப்பவர்கள் இருப்பார்கள். வேறு எதற்கோ சேர்க்கப்பட்டு, இரண்டாம் நாள் இரவில் புத்தி தடுமாறிப் பேசத் தொடங்கும் முதியவர்களும் இருப்பார்கள். நெஞ்சுவலிக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தானே சொல்லிவிடுவார். கால் முறிந்தவர் போடும் சத்தம் தெருவுக்கே கேட்கும். ஆனால் நாம் மேலே சொன்னவர்கள் அப்படிச் சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய உறுப்பையே நோய் பிடித்திருக்கிறது. இவர்களுக்காக வேறு யாராவது பார்த்து, வேறு யாராவது பேசி, வேறு யாராவது தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

இதை நாங்கள் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. என்றாலும் சொல்லிவிடுகிறோம்.

ஒரு ஞாயிறு மாலை எங்கள் அன்பியக் கூட்டம். வீட்டுக்கார அம்மாவை எல்லாரும் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவோம். அவர்தான் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது மறையுண்மையில் வார்த்தை குழறியது. வலக்கையிலிருந்து செபமாலை நழுவி மடியில் விழுந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்ததை இரண்டு பேர் பார்த்தோம். "பெரியம்மா காலையிலிருந்து சரியாச் சாப்பிடல, மயக்கம்தான்" என்றார் ஒருவர். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம், புரையேறி இருமினார். பாயில் படுக்கவைத்து, சுற்றி உட்கார்ந்து, தலையில் கைவைத்துச் செபித்தோம். ஒரு சின்னப் பெண் மட்டும், "ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா அத்தை?" என்று கேட்டாள். "ஞாயித்துக்கிழமை ராத்திரி எந்த டாக்டர் இருப்பாங்க? காலையில பாத்துக்கலாம்" என்று நாங்கள்தான் சொன்னோம். பெரியம்மா இடக்கையை வாசல் பக்கமாகத் திரும்பத் திரும்ப அசைத்தார். காற்றுக்காகக் கதவைத் திறக்கச் சொல்கிறார் என்று நினைத்து, திறந்து வைத்தோம்.

மறுநாள் காலை 8 மணிக்கு மருத்துவமனை. மருத்துவர் எங்களிடம் முதலில் கேட்டது ஒன்றைத்தான்: "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" நேற்று மாலை 7 மணி என்றோம். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் கேள்வியின் பொருள் எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது. மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் கட்டியால் அடைபட்டாலும் பக்கவாதம் வரும். குழாய் வெடித்து இரத்தம் கசிந்தாலும் வரும். அடைப்பினால் வருவதுதான் அதிகம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். அடைப்பு என்றால் கட்டியைக் கரைக்கும் ஊசி இருக்கிறது. நோய் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் அதைப் போட வேண்டும். முந்தப் போட முந்தப் பலன் கூடும். இரத்தக் கசிவுள்ளவருக்கு அதே ஊசியைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் ஸ்கேனுக்கு முன்னால் வீட்டில் எந்த மாத்திரையும் கொடுக்கக் கூடாது என்கிறார்கள். விழுங்கும் தசையும் தளர்ந்திருக்கலாம் என்பதால் வாயில் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது. நாங்கள் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றியவர்கள்.

பெரிய குழாயில் அடைப்பு இருந்தால், தொடை வழியாக மெல்லிய குழாய் செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சையும் உண்டு. சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட அதைச் செய்கிறார்கள், ஆனால் எல்லா ஊரிலும் அந்த வசதி கிடையாது. பெரிய குழாய் அடைபட்டிருக்கும்போது ஒவ்வொரு நிமிடமும் ஏறக்குறைய 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று மருத்துவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நாங்கள் பெரியம்மாவைப் படுக்கவைத்திருந்தது 13 மணி நேரம். அன்று அந்த வீட்டில் 14 பேர் இருந்தோம். சுமக்க நான்கு பேர் போதும்.

செபித்தது தவறு என்று சொல்லவில்லை. செபித்துக்கொண்டே ஆட்டோவில் ஏற்றியிருக்கலாம். 108-ஐக் கூப்பிட்டிருந்தால் ஸ்கேன் வசதியுள்ள இடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார்கள். பக்கத்துக் கிளினிக், அங்கிருந்து இன்னொரு நர்சிங் ஹோம், பிறகு பெரிய ஆஸ்பத்திரி என்று அலைவதிலேயே பலருக்கு அந்த நாலரை மணி நேரம் கரைந்துபோகிறது. புறா இரத்தம் தேய்த்தால் கை கால் வந்துவிடும் என்று புறா தேடிப் போகிற வீடுகளையும் பார்த்திருக்கிறோம். பாவம் புறா, பாவம் நோயாளி.

பார்க்க வேண்டியவை அதிகமில்லை. சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று தானாகத் தாழ்கிறதா? பேச்சு குழறுகிறதா? இவற்றில் ஒன்று திடீரென்று வந்தாலே போதும். பக்கவாதம் பெரும்பாலும் வலிக்காது. அதனால் பலர் "கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும்" என்று படுத்துவிடுகிறார்கள். மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டவர்களில் சிலருக்குத் தம் இடக்கை விழுந்ததே தெரியாது. "எனக்கு ஒண்ணுமில்ல, போங்க" என்று கோபித்துக்கொள்வார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காமல் தூக்கிக்கொண்டு போங்கள். பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்றாலும் போங்கள். அடுத்த சில நாள்களில் பெரிதாக வருவதற்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம்.

இது எந்தப் பாவத்துக்குத் தண்டனை என்று கேட்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மக்கபேயர் முதல் நூல் 9-ஆம் அதிகாரத்தில் ஆல்கிம் என்பவர் தாக்குண்டு, வாயடைத்து, முடங்கி, தம் வீட்டுக் காரியங்களுக்குக்கூடக் கட்டளையிட முடியாமல் இறந்ததாக வாசிக்கிறோம். பக்கவாதத்தைக் கண்ணால் பார்த்தவர் எழுதியதுபோல் இருக்கும். கோவில் சுவரை இடிக்கச் சொன்னவர் என்பதால் அது தண்டனையாக அங்கே சொல்லப்படுகிறது. ஆனால் பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டிச் சீடர்கள் அதே கேள்வியைக் கேட்டபோது ஆண்டவர் அதை ஏற்கவில்லை. நம் திருத்தந்தை பிரான்சிஸ் 2025 ஏப்ரல் 21 அன்று இறந்ததும் பக்கவாதத்தால்தான் என்று வத்திக்கான் மருத்துவச் சான்றிதழ் சொல்கிறது. முந்தின நாள், உயிர்ப்புப் பெருவிழாவில், மக்கள் நடுவே வண்டியில் வந்து ஆசீர் அளித்துவிட்டுப் போனவர் அவர். அவருக்கு வந்தது எந்தப் பாவத்துக்கு என்று நாம் கேட்கவில்லை. பக்கத்து வீட்டாருக்கு வரும்போது மட்டும் ஏன் கேட்கிறோம்? கேட்பதாக இருந்தால், இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினாரா என்று கேட்கலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-இல் தொடங்கியதிலிருந்து அந்த மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வந்த மாத்திரை அலமாரியிலேயே கிடக்கும் வீடுகள் எங்களுக்குத் தெரியும்.

அடுத்து வலிப்பு. மாற்கு 9-ஆம் அதிகாரத்தில் ஒரு தந்தை தம் மகனைக் கொண்டுவருகிறார். இது எவ்வளவு காலமாக இருக்கிறது என்று இயேசு கேட்கிறார். குழந்தைப் பருவத்திலிருந்தே என்று தந்தை சொல்கிறார். நெருப்பிலும் தண்ணீரிலும் விழுவதைச் சொல்கிறார். மருத்துவரும் இப்படித்தான் கேட்பார். வலிப்பு வந்தவருக்கு நடந்தது நினைவிருக்காது. பார்த்தவர் சொல்வதை வைத்துத்தான் மருத்துவர் நோயை நிதானிக்கிறார். அதனால் பதறாமல் பாருங்கள்: எந்தக் கை முதலில் வெட்டியது, கண் எந்தப் பக்கம் போனது, எத்தனை நிமிடம் நீடித்தது. கைப்பேசியில் படம் பிடித்தாலும் தவறில்லை. அதை மருத்துவரிடம் காட்டுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் வலிப்பு நிற்காது. அது தானாக நிற்கிற நேரத்தில் சாவிக்குப் பெயர் கிடைக்கிறது. வாயில் கரண்டி வைத்துப் பல் உடைந்தவர்களைப் பார்த்திருக்கிறோம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வைத்து, பக்கத்தில் இருந்தால் போதும். 5 நிமிடத்துக்கு மேல் போனாலோ, நினைவு திரும்புமுன் இன்னொன்று வந்தாலோ உடனே மருத்துவமனை.

பழைய தமிழ் விவிலியத்தில் மத்தேயு இந்தப் பையனைச் 'சந்திரரோகி' என்பார். நிலா பிடித்த நோய் என்று அக்காலத்தவர் நினைத்தார்கள். நம் காலத்தில் பேய் என்கிறார்கள். நற்செய்தியிலேயே அசுத்த ஆவி என்றுதானே இருக்கிறது என்று எங்களிடம் கேட்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, பேயோட்டுவதற்கு முன் அது நோய் அல்ல என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என்கிறது. செபக்கூட்டத்துக்குக் கூட்டிப்போவது வேறு, செபக்கூட்டத்தை நம்பி மாத்திரையை நிறுத்துவது வேறு. வலிப்போடு வார்டுக்கு வருகிறவர்களில் மாத்திரையைத் தாமாக நிறுத்தியவர்கள் எத்தனையோ பேர்.

தவக்காலம் வருகிறது. நோயாளிக்கு நோன்புக் கடமை இல்லை; 59 வயது நிறைந்தவருக்கும் இல்லை. அந்த வயது வரம்பைத் திருச்சபைச் சட்டமே சொல்கிறது. தூக்கம் கெடுவது வலிப்பைத் தூண்டும் என்பதால், வலிப்பு உள்ளவர்கள் முழு இரவுச் செபத்தில் பாதியில் எழுந்து போனால் அவர்களை யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். நம் நாட்டில் வலிப்புக்கு ஒரு முக்கியக் காரணம் மூளையில் தங்கும் நாடாப்புழுவின் இளம்பருவம். அசுத்தமான தண்ணீரிலும் கழுவாத காய்கறியிலும் ஒட்டியிருக்கும் முட்டையால் வருவது. பன்றி இறைச்சியைத் தொடாதவர்களுக்கும் வரும். சரியான சிகிச்சையில் பலர் நன்றாகிறார்கள். இப்படி இருக்க, வலிப்புள்ள பெண்ணை மணச்சந்தையில் ஒளித்து வைக்கிறோம், தெரிந்தால் ஒதுக்கி வைக்கிறோம். இந்து திருமணச் சட்டமும் சிறப்புத் திருமணச் சட்டமும் வலிப்பைக் காரணப் பட்டியலிலிருந்து 1999-இல் நீக்கிவிட்டன. நம் வாய் இன்னும் நீக்கவில்லை.

முதியவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் காய்ச்சலுக்காகச் சேர்க்கப்பட்டிருந்தார். இரண்டாம் நாள் இரவு டிரிப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "பிள்ளைங்க வகுப்பில காத்திருக்காங்க" என்று எழுந்து நடந்தார். தடுத்த மகளைத் திருடி என்று திட்டினார். "எங்கப்பா இப்படிப் பேசினதே இல்ல சிஸ்டர், யாரோ என்னமோ செஞ்சுட்டாங்க" என்று அந்த மகள் அழுதார். யாரும் ஒன்றும் செய்யவில்லை. சிறுநீரில் கிருமி, இரத்தத்தில் உப்பு குறைந்திருந்தது. முதியவர்களின் மூளை இதற்கே தடுமாறிப்போகும். மறதிநோய் மாதக்கணக்கில் மெல்ல வரும். இது ஓரிரு நாளில் வரும், பகலில் தெளியும், இரவில் கூடும். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

அந்தத் தடுமாற்றத்தில் எதிர்த்து வாதாடாதீர்கள். வீட்டிலிருந்து அவருடைய கண்ணாடியைக் கொண்டுவந்து போட்டுவிடுங்கள். காது மெஷின் இருந்தால் அதையும் மாட்டுங்கள். இன்று என்ன கிழமை, இது எந்த இடம் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். பழகிய குரல் பக்கத்தில் இருப்பதே பாதி மருந்து. ஆசிரியர் நான்காம் நாள் தெளிந்தார். மகளைத் திட்டியது அவருக்கு நினைவில்லை. நாங்களும் சொல்லவில்லை. இந்த நேரத்துப் பேச்சைப் பிடித்துக்கொண்டு, 'மனதில் இருந்ததுதானே வந்தது' என்று வருடக்கணக்கில் பேசாமல் இருக்கும் குடும்பங்கள் உண்டு. அதைப் பேசியது உங்கள் அப்பாவின் காய்ச்சல்.

திருவருட்சாதனம் பற்றிச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறோம். நோயில் பூசுதலைப் பழைய பழக்கத்தில் 'அவஸ்தைப் பூசுதல்' என்று நினைத்து, குருவானவரைக் கூப்பிட்டால் நோயாளி பயந்துவிடுவார் என்று கடைசி மூச்சுவரை தள்ளிப்போடுகிறோம். இது நோயுற்றவருக்கான சாதனம். சேர்த்த நாளிலேயே கூப்பிடலாம். நினைவிழந்தவருக்கும், நினைவு இருந்தபோது விரும்பியிருப்பார் என்றால், கொடுக்கலாம். பேச்சு போனவர் ஒப்புரவுக்குத் தலையசைத்தால் போதும். நற்கருணை கொண்டுவரும் பணியாளரிடம் விழுங்கச் சிரமம் இருப்பதை முன்பே சொல்லுங்கள். மிகச் சிறு துண்டு போதும், அதுவும் முடியாவிட்டால் திருஇரத்தம் மட்டும் கொடுக்கவும் திருச்சபை அனுமதிக்கிறது. அசையாமல் கிடக்கிறவரின் தலைமாட்டில் நின்று சொத்துப் பேச்சும் செலவுக் கணக்கும் பேசாதீர்கள். காதில் விழுகிறது என்று வைத்துக்கொண்டே பேசுங்கள்.

பெரியம்மா இப்போது வீட்டில் இருக்கிறார். வலக்கை வரவில்லை. பிடித்துக்கொண்டு நடக்கிறார். பேத்தியின் பெயரைச் சொல்ல வாய் வருவதில்லை. ஆனால் நாங்கள் செபமாலை தொடங்கினால் மங்களவார்த்தை செபம் முழுவதையும் தடையில்லாமல் சொல்கிறார். பேச்சு போனவர்களில் சிலருக்கு, பலகாலம் சொல்லிப் பழகிய செபமும் பாட்டும் மிஞ்சுவதுண்டு என்று மருத்துவர் விளக்கினார். செபம் முடிந்ததும் மறுபடியும் வார்த்தை நின்றுவிடும்.

சில மாதங்களுக்கு முன் அதே வீட்டில், அதே ஞாயிறு மாலைக் கூட்டத்தில், வயதான அண்ணன் ஒருவருக்குப் பேச்சு குழறியது. எங்களில் யாரும் எழுவதற்கு முன்பே நாற்காலியின் கைப்பிடியில் தட்டுகிற சத்தம் கேட்டது. பெரியம்மா இடக்கையால் தட்டிவிட்டு, வாசலைக் காட்டினார். அன்றைக்கும் அவர் வாசலைத்தான் காட்டியிருந்தார். இந்த முறை எங்களுக்குப் புரிந்தது. நான்கு பேராகத் தூக்கி வண்டியில் ஏற்றினோம். அவசரப் பிரிவில் முதலில் விரலில் குத்திப் பார்த்தார்கள். பக்கவாதமே இல்லை, சர்க்கரை மிகவும் குறைந்திருந்தது. அதுவும் பக்கவாதம்போலவே வேடம் போடும் என்றார் செவிலியர். குளுக்கோஸ் ஏறியதும் அண்ணன் எழுந்து உட்கார்ந்து, "உங்களுக்கெல்லாம் வீண் அலைச்சல்" என்று வெட்கப்பட்டார்.

ஊர் திரும்பும்போது இரவு 11 மணி இருக்கும். பெரியம்மா வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே போய்ச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனோம்.